நலவாழ்வுக் கல்வி

உடலும் உள்ளமும் நலமுற்றிருந்தால்தான் ஒருவர் கற்ற கல்வியும் ஈட்டிய செல்வமும் பயன்தரும். இவ்வுண்மையைப் பண்டைத் தமிழர் நன்கு உணர்ந்திருந்தனர். திருவள்ளுவர் தம் நூலில் ‘மருந்து’ என்னும் பெயரால் ஓர் அதிகாரம் வகுத்தார். அது 95-ஆம் அதிகாரம். மூலிகைகளின் பெயர்களைக் காணலாம் என்று எண்ணி அதனைப் புரட்டுவோர் வியப்படைவர். அங்கு ஒரு மூலிகையின் பெயரேனும் இல்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவோடு உண்ணும் முறையே அதன் பெரும்பகுதியாக விளங்குகிறது. நோயின் காரணத்தை ஆராய்ந்து மருத்துவம் செய்யும் முறை அதன் பின்னரே கூறப்படுகிறது. நோய் வந்தபின் தேடும் மருந்தினும், நோய் வாராமல் காக்கும் அறிவே முற்பட்டது என்பது அவ்வைப்பு முறையால் புலனாகும்.

அத்தகைய அறிவை இளம் பருவத்திலேயே ஊட்டுவது நலவாழ்வுக் கல்வி. இந்தியாவில் பள்ளி மாணவர்களின் உடல்நலத்தைக் கருதிய முயற்சி 1909-ஆம் ஆண்டில் பரோடா நகரில் தொடங்கியது. அந்நாளில் மருத்துவர்கள் பள்ளிக்கு வந்து மாணவர்களின் உடலைச் சோதித்துச் சென்றனர். அது நல்ல பணியே. ஆயினும், ஆண்டுக்கு ஒருநாள் மருத்துவர் வந்து பார்ப்பதனால் மட்டும் ஒருவர் நலமுடன் வாழ்ந்துவிட இயலாது. எஞ்சிய நாள்களில் தம் உடலைத் தாமே காத்துக்கொள்ளும் அறிவு மாணவர்க்கு வேண்டும். மருத்துவர் மாணவரைப் பார்ப்பதோடு நில்லாமல், மாணவர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளக் கற்பதே நலவாழ்வுக் கல்வியின் நோக்கம்.

இக்கல்விக்குப் பிற பாடங்களுக்கு இல்லாத ஓர் இடையூறு உண்டு. முக்கோணத்தின் மூன்று கோணங்களின் தொகை 180 பாகை என்று அறிந்து, அதனை மெய்ப்பிக்கவும் வல்லவனுக்கு அப்பாடம் முற்றுப்பெற்றது. நலவாழ்வுப் பாடம் அவ்வாறு முற்றுப்பெறுவதன்று. ‘உண்பதற்கு முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும்’ என்று விடைத்தாளில் எழுதி ஒரு மாணவன் முழு மதிப்பெண் பெறுகிறான். தேர்வு முடிந்து மணி அடித்ததும், மை படிந்த அதே கையால் அவன் சோறு உண்கிறான். அவன் எழுதிய விடை சரியானதே. ஆயினும், பாடம் அவனுடைய தாளில் தங்கிவிட்டது. கையை வந்து சேரவில்லை.

ஆதலின், நலவாழ்வுக் கல்விக்கு மூன்று படிகள் உள்ளன. செய்தியை அறிதல் முதற்படி. அதன் காரணத்தை உணர்ந்து ஐயமின்றித் தெளிதல் இரண்டாம் படி. தெளிந்தவாறு ஒழுகுதல் மூன்றாம் படி. முதற்படியிலேயே நின்றுவிடும் கல்வியால் ஓர் உயிரும் பிழைப்பதில்லை. இதற்குச் சான்றாக அண்டை நாட்டு வரலாறு ஒன்று உண்டு.

உப்பும் சர்க்கரையும்

1971-ஆம் ஆண்டில், வங்காள தேசத்தின் விடுதலைப் போர் நடந்தபோது, பல இலட்சம் மக்கள் எல்லையைக் கடந்து மேற்கு வங்காளத்தில் அடைக்கலம் புகுந்தனர். ஏதிலியர் நிறைந்த அப்பகுதிகளில் காலரா நோய் பரவியது. காலரா கண்டவரின் உடலிலுள்ள நீரும் உப்பும் வயிற்றுப்போக்கினால் சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். இழந்த நீரை உடனே ஈடு செய்யாவிடின் உயிர் பிரியும். எல்லையை அடுத்த பங்கான் என்னும் ஊரின் மருத்துவமனையில் திலீப் மகலனாபிஸ் என்னும் மருத்துவர் பணியாற்றினார். அங்கு நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். சிரையின் வழியாக ஏற்றும் உப்புநீரோ விரைவில் தீர்ந்துபோகும் நிலையில் இருந்தது.

அந்நிலையில் அவர் துணிந்து ஒரு முடிவு செய்தார். குளுக்கோசு என்னும் சர்க்கரையையும் உப்பையும் அளந்து நீரில் கரைத்து, வாய்வழியே பருகத் தந்தார். அதனைப் பருகச் செய்யும் பணிக்குச் செவிலியர் போதவில்லை. ஆதலின், நோயாளிகளின் உறவினருக்கே அம்முறையைக் கற்பித்தார். தாய் மகனுக்குப் புகட்டினாள். தம்பி தமையனுக்குப் புகட்டினான். நூற்றுக்கு முப்பது பேர் அளவில் மாண்டுகொண்டிருந்த நிலை மாறியது. நூற்றுக்கு நால்வரினும் குறைவானவரே மாண்டனர். மகலனாபிஸ் 2022-ஆம் ஆண்டில் மறைந்தார். அடுத்த ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்துச் சிறப்பித்தது.

இவ்வெளிய கரைசல் உயிர் காப்பதன் காரணம் யாது? குடலின் உட்சுவர் சர்க்கரையை உறிஞ்சும்போது உப்பையும் உடன் இழுத்துக்கொள்ளும். உப்புச் செல்லும் வழியே நீரும் செல்லும். காலரா நோய் குடலைத் தாக்கியபோதும் இவ்வழி அடைபடுவதில்லை. ஆதலின், தனி நீரைப் பருகினால் நில்லாத உடலில் இக்கரைசலைப் பருகினால் நீர் தங்குகிறது. ஆனால் அளவு பிழைத்தல் ஆகாது. சர்க்கரை மிகுந்தால் வயிற்றுப்போக்கும் மிகும். உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு நேரும். மருந்துப் பொட்டலம் கிடைக்காத வேளையில், ஒரு லிட்டர் தூய நீரில், தேக்கரண்டியால் தலைதட்டி அளந்த சர்க்கரை 6 கரண்டியும் உப்பு அரைக் கரண்டியும் கலந்து தரலாம். குழந்தை சோர்ந்து மயங்கினாலோ, பருக மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும்.

வழி கண்டுபிடிக்கப்பட்டது. அதனை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு செல்வது எவ்வாறு? விடுதலை பெற்ற வங்காள தேசத்தில் ‘பிராக்’ என்னும் தொண்டு நிறுவனம் 1980-ஆம் ஆண்டில் அப்பணியை மேற்கொண்டது. பெண்கள் ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்றனர். மூன்று விரல்களால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அளந்த நீர் ஆகியவற்றைக் கொண்டு கரைசல் செய்யும் முறையைத் தாய்மார்களுக்குக் கற்பித்தனர். செய்து காட்டியதோடு நில்லாமல், தாய்மார்களையும் தம் முன்னே செய்யச் சொன்னார்கள். பின்னர்ப் பார்வையாளர்கள் வந்து சில தாய்மார்களை வினவுவர். தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருந்தனரோ, அவ்வளவுக்கு ஏற்பவே கற்பித்தவருக்கு ஊதியம் வழங்கப்பட்டது. கற்பித்தவர் எவ்வளவு பேசினார் என்பதன்று, கற்றவர் எவ்வளவு கற்றார் என்பதே அங்கு அளவுகோலாக இருந்தது.

தாய்மார்கள் நன்றாகவே கற்றனர். கேட்ட வினாக்களுக்குச் சரியான விடை கூறினர். ஆனால், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அக்கரைசலைச் செய்து கொடுத்தவர் மிகச் சிலரே! இஃது ஏன் என்று ஆராய்ந்தபோது இரு காரணங்கள் புலப்பட்டன. கற்பித்த பெண்களுள் பலருக்கே அக்கரைசலில் முழு நம்பிக்கை இல்லை. தமக்கு நோய் வந்தால் அவர்கள் மாத்திரையையே நாடினர். மேலும், வீட்டின் ஆடவர்க்கு எவரும் இதனை எடுத்துரைக்கவில்லை. அவர்கள் ஒப்பாதபோது தாய்மார் தயங்கினர்.

குறையை உணர்ந்தவர்கள் அதனைக் களைய முற்பட்டனர். கற்பிக்கும் பெண்களை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, கரைசலைப் பருகியவர் பிழைத்தெழுவதைக் கண்ணாரக் காணச் செய்தனர். நேரிற்கண்டு தெளிந்த அப்பெண்கள், ஊராரின் முன்னே தாமும் அதனைப் பருகிக் காட்டினர். சந்தையிலும் பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் ஆடவர்க்கும் சிறுவர்க்கும் காரணம் விளக்கப்பட்டது. அதன்பின் பயன்படுத்துவோர் தொகை பெருகியது. பத்து ஆண்டுகளில் 1 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அக்கல்வி சென்று சேர்ந்தது. வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு இக்கரைசலைத் தரும் வழக்கம் மிகுதியாகப் பரவிய நாடுகளுள் வங்காள தேசமும் ஒன்றாயிற்று.

இவ்வரலாறு புகட்டும் பாடம் தெளிவானது. தாய்மார்கள் தேர்வில் தேறினர். ஆயினும் தொடக்கத்தில் குழந்தைகளுக்கு அத்தேர்ச்சி பயன்படவில்லை. அறிதலுக்கும் ஒழுகுதலுக்கும் இடையே தெளிதல் என்னும் பாலம் கட்டப்பட்ட பின்னரே பயன் விளைந்தது.

நீல மாத்திரை

வங்காள தேசத்துக் குடிசைகளில் நிகழ்ந்த அதே நிகழ்ச்சி, தமிழ்நாட்டு உயர்நிலைப் பள்ளி வகுப்பறைகளிலும் வேறு வடிவில் நிகழக்கூடும். வளரிளம் பருவத்தினர்க்கு வாரந்தோறும் இரும்புச் சத்து மாத்திரை வழங்கும் திட்டம் இந்நாட்டில் நடைபெற்று வருகிறது. அரசுப் பள்ளிகளில் தரப்படும் அம்மாத்திரை நீல நிறமுடையது.

ஒரு வகுப்பறையை எண்ணிப் பார்க்கலாம். ஆசிரியை மாத்திரைகளை வழங்குகிறார். ‘இதனை விழுங்குங்கள், உடம்புக்கு நல்லது’ என்று மட்டும் கூறுகிறார். ஒரு மாணவி காலையில் ஒன்றும் உண்ணாமல் வந்தவள். மாத்திரையை விழுங்கியதும் அவளுக்குக் குமட்டல் உண்டாகிறது. மற்றொருத்தி மறுநாள் மலம் கறுத்திருப்பதைக் கண்டு அஞ்சுகிறாள். செய்தி வகுப்பெங்கும் பரவுகிறது. அடுத்த வாரம் சன்னலுக்கு வெளியே புல்தரையில் நீல மாத்திரைகள் சிதறிக் கிடக்கின்றன. அரசு பொருள் செலவிட்டது. ஆசிரியை கடமையைச் செய்தார். மாணவியரும் கையை நீட்டிப் பெற்றுக்கொண்டனர். ஆயினும் உடலில் இரும்புச் சத்துச் சேரவில்லை.

இவ்வாறு எறியப்படுவது சிறு பொருளன்று. இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களே மூச்சுக்காற்றின் உயிர்வளியை உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் சுமந்து செல்கின்றன. அச்சுமைக்கு உதவும் பொருளை ஆக்குவதற்கு இரும்பு இன்றியமையாதது. அது குறைந்தால் உண்டாகும் நோய்க்கு இரத்தசோகை என்று பெயர். 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 அகவைக்கு உட்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 59 பேர்க்கு இரத்தசோகை இருந்தது. அவ்வகவையுடைய ஆண்களுள் நூற்றுக்கு 31 பேர்க்கு இருந்தது.

இந்நோய் உடையவர்க்குப் படியேறினால் மூச்சு வாங்கும். விரைவில் களைப்பு வரும். பாடத்தில் மனம் ஊன்றாது. காய்ச்சல்போல் இது வெளிப்படையாகத் தோன்றுவதில்லை. அதனால், இரத்தசோகை உடைய மாணவி பல வேளைகளில் ‘சோம்பேறி’ என்று வீட்டிலும் பள்ளியிலும் ஏசப்படுகிறாள். அவளும் தன்னை அவ்வாறே எண்ணிக்கொள்கிறாள். உடலின் குறை ஒருவரது குணத்தின் குறையாகக் கருதப்படுவதைக் காட்டிலும் கொடுமை வேறு உண்டோ?

அதே வகுப்பில் ஆசிரியை வேறுமுறையில் கற்பிப்பதாக எண்ணிப் பார்க்கலாம். மாத்திரையை வெறும் வயிற்றில் உண்ணலாகாது. மதிய உணவுக்குப்பின் உண்டால் குமட்டல் குறையும். உடல் ஏற்றுக்கொண்டது போக எஞ்சிய இரும்பினால் மலம் கறுக்கும், அதனால் தீங்கில்லை. உணவோடு தேநீர் பருகினால் இரும்பு உடலில் சேர்வது குறையும். நெல்லிக்கனியும் கொய்யாவும் எலுமிச்சையும் அது சேர்வதற்குத் துணைசெய்யும். கீரை, பயறு, கேழ்வரகு, மீன், இறைச்சி ஆகியவற்றிலும் இரும்பு உண்டு. இவற்றை அவர் முன்கூட்டியே எடுத்துரைக்கிறார். வினாக்களை வரவேற்று விடை கூறுகிறார். பின்னர்த் தாமும் மாணவியரோடு அமர்ந்து உண்டபின் ஒரு மாத்திரையை விழுங்குகிறார். இவ்வகுப்பின் சன்னலுக்கு வெளியே மாத்திரைகள் கிடப்பதில்லை.

இரத்தசோகைக்குக் கொக்கிப்புழுவும் ஒரு காரணமாகும். மலம் கலந்த மண்ணில் வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்து அதன் இளம்புழு உடலுக்குள் புகும். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். ஆதலால்தான் காலணி அணியவேண்டும் என்றும், கழிப்பறையைப் பயன்படுத்தவேண்டும் என்றும், பள்ளியில் தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையை உண்ணவேண்டும் என்றும் கூறப்படுகிறது. காரணம் அறியாதவனுக்கு இவை மூன்றும் தொடர்பற்ற மூன்று கட்டளைகள். அறிந்தவனுக்கோ, ஒரே பகையை மறிக்கும் மூன்று மதில்கள்.

கண்டு தெளிதல்

காரணத்தைச் சொல்லால் விளக்குவது நன்று. கண்ணாற் காணச் செய்வது அதனினும் நன்று. உயர்நிலைப் பள்ளி மாணவர் தாமே செய்து பார்க்கத்தக்க எளிய சோதனைகள் பல உள்ளன.

கை கழுவுதலை எடுத்துக்கொள்ளலாம். மாணவன் ஒருவன் தன் உள்ளங்கைகளிலும் விரல்களிலும் சில துளி தேங்காயெண்ணெயில் குழைத்த கரித்தூளைப் பூசிக்கொள்ளட்டும். முதலில் தனி நீரால் கழுவட்டும்; கரி பெரும்பாலும் அவ்வாறே இருக்கும். எண்ணெய்ப்பசை நீரோடு கலவாமையே அதற்குக் காரணம். பின்னர்ச் சோப்பிட்டு விரைந்து கழுவட்டும், உள்ளங்கை வெளுக்கும். ஆனால் பெருவிரலின் அடியிலும், விரல் இடுக்குகளிலும், நகக்கண்ணிலும் கரி எஞ்சியிருக்கும். 20 நொடி நேரம் எல்லா இடங்களையும் தேய்த்துக் கழுவினால்தான் கை தூய்மையாகும். நோய்க்கிருமிகளும் இவ்வாறே பசையோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. கண்ணுக்குத் தெரியாமையே வேற்றுமை. இச்சோதனையைக் கண்ட மாணவன், கை கழுவும்போது பெருவிரலை மறவான்.

கொசுவைப் பற்றிய பாடமும் அத்தகையதே. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைப் பெரும்பாலும் நாடுவதில்லை. தேங்கி நிற்கும் தெளிந்த நீரையே நாடும். அது பகலிற் கடிக்கும் இயல்புடையது. மூடாத தொட்டி, எறியப்பட்ட கொட்டாங்கச்சி, பழைய டயர், பூந்தொட்டியின் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னுள்ள நீர்த்தட்டு ஆகியவை அதன் பிறப்பிடங்கள். ‘வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவுக’ என்று அறிவிப்புகள் கூறும். பத்து நாள்களுக்கு ஒருமுறை என்றோ, மாதம் ஒருமுறை என்றோ கூறாதது ஏன்?

இதற்கு விடை ஒரு கண்ணாடிக் குப்பியில் உள்ளது. கொசுப்புழுக்கள் உள்ள நீரைக் குப்பியில் எடுத்து, அதன் வாயைத் துணியால் இறுகக் கட்டி வகுப்பில் வைத்தல் வேண்டும். புழுக்கள் நெளிவதும், கூட்டுப்புழுவாகச் சுருள்வதும், ஒருநாள் காலையில் இறக்கையுடன் கொசுக்கள் துணியின் கீழே பறப்பதும் மாணவர் கண்ணுக்குப் புலப்படும். முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களே ஆகின்றன. வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால், பறக்கத் தொடங்குமுன்பே பகை அழியும். நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. தொட்டியின் சுவரைத் தேய்த்தும் கழுவுதல் வேண்டும். ஏனெனில், சுவரில் ஒட்டிய முட்டைகள் நீரின்றிப் பல மாதங்கள் கிடந்தும், மீண்டும் நீர் பட்டதும் பொரிக்க வல்லவை. குப்பியிலுள்ள கொசுக்களை வெளியே விடாமல் அழித்துவிடுதல் சோதனை செய்வோரின் கடமையாகும்.

காரணம் கேட்டறியும் இப்பழக்கம் வேறொரு தீங்கினின்றும் மாணவரைக் காக்கும். கைப்பேசியின் வழியாக நாள்தோறும் மருத்துவச் செய்திகள் பல வருகின்றன. ஒரே நாளில் நோயைத் தீர்ப்பதாகச் சில கூறும். தடுப்பூசியைக் கண்டு அஞ்சச் செய்வன சில. இவற்றை உடனே நம்புதலும் பிறர்க்கு அனுப்புதலும் தவறு. இதனைக் கூறியவர் யார்? இதற்குச் சான்று யாது? இதனால் ஊதியம் பெறுவோர் யார்? இம்மூன்று வினாக்களையும் எழுப்பும் மாணவன் எளிதில் ஏமாற்றப்படான். பெரியம்மை நோய் உலகினின்றும் ஒழிந்தது என்று 1980-ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. இந்தியாவில் இயற்கையான கிருமியால் வரும் இளம்பிள்ளை வாதம் கடைசியாகக் காணப்பட்டது 2011-ஆம் ஆண்டில். இவ்விரண்டு வெற்றியும் தடுப்பு மருந்தால் விளைந்தவை. இச்சான்றுகளை அறிந்தவர் வதந்தியின் எடையை நன்கு அறிவர்.

பழகித் தேர்தல்

தெளிந்த பின்னும் ஒழுகுவதற்குத் துணிவு வேண்டும். நீந்தும் முறையை நூலிற் படித்தவன் ஆற்றில் இறங்கிப் பழகாவிடின் மூழ்குவான். தீய பழக்கங்களை மறுக்கும் திறமும் அவ்வாறே பழகிப் பெறவேண்டியது.

புகையிலையின் தீமையை அறியாத மாணவர் இலர் எனலாம். அதன் உறையிலேயே எச்சரிக்கைப் படம் உள்ளது. 18 அகவைக்கு உட்பட்டவர்க்கு அதனை விற்றலையும், கல்விக் கூடங்களுக்கு 100 கெச தூரத்துக்குள் விற்றலையும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. அவ்வாறிருந்தும் சிலர் அதற்கு இரையாவது ஏன்? ‘ஐம்பது அகவையில் புற்றுநோய் வரும்’ என்னும் எச்சரிக்கை பதினைந்து அகவையுடையவனுக்கு நெடுந்தொலைவில் உள்ளது. ‘நீ ஆண்பிள்ளையா?’ என்னும் தோழனின் ஏளனமோ அருகில் உள்ளது. அருகில் உள்ளதே வெல்கிறது. மேலும், புகையிலையிலுள்ள நிகோடின் என்னும் நஞ்சு இளையோர் மூளையை விரைவில் அடிமைப்படுத்தும். விளையாட்டாகத் தொடங்கியவன் விடமுடியாமல் தவிப்பான்.

ஆதலின், அச்சுறுத்தலோடு இப்பாடம் முடிதல் ஆகாது. வகுப்பில் இருவர் நடித்துக் காட்டலாம். ஒருவன் வற்புறுத்த வேண்டும். மற்றவன் நட்பும் கெடாமல், தன் உறுதியும் குலையாமல் மறுக்க வேண்டும். முதன்முறை அவன் சொல் தடுமாறும், வகுப்பினர் நகைப்பர். மூன்றாம் முறை சொல் உறுதிபெறும். வகுப்பிற் பழகிய அச்சொல், தெருமுனையில் வேண்டியபோது நாவிற்கு வந்து உதவும்.

வளரிளம் பருவத்தில் உடலில் தோன்றும் மாற்றங்களும் இக்கல்வியில் இடம்பெறுதல் வேண்டும். மாதவிடாய் என்பது நோயன்று, இழிவுமன்று, உடலின் இயற்கை. தூய்மையான துணியையோ பஞ்சுப் பட்டையையோ பயன்படுத்துதல், அதனை உரிய நேரத்தில் மாற்றுதல், கைகளைக் கழுவுதல் ஆகியவற்றை மாணவியர் கூச்சமின்றிக் கேட்டறிதல் வேண்டும். மாணவரும் இதனை அறிதல் நலம். அறிந்தவன் தன் தங்கையையோ உடன்பயிலும் மாணவியையோ ஏளனம் செய்யான்.

உடலைப்போல் உள்ளமும் நோயுறும். தேர்வு அச்சம், நண்பரின் பிரிவு, வீட்டின் வறுமை, இணையத்தில் நேரும் இழிசொல் ஆகியவை இளம் உள்ளத்தை வாட்டும். பல நாள்களாக உறக்கமின்மையும், எதிலும் விருப்பமின்மையும், வாழ்வில் வெறுப்பும் தோன்றினால், அதனை மறைத்தல் ஆகாது. கால் முறிந்தவன் உதவி கேட்க நாணுவதில்லை. உள்ளம் நொந்தவன் மட்டும் ஏன் நாணவேண்டும்? பெற்றோரிடமோ, ஆசிரியரிடமோ, நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடமோ சொல்லுதல் முதல் மருந்து. 2022-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ என்னும் அரசின் தொலைபேசி உதவி 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தமிழிலும் பேசலாம்.

வீட்டிற்கு ஒரு விளக்கு

இத்தகைய கல்வியைப் பள்ளிதோறும் பரப்புவதற்காக இந்திய அரசு 2020-ஆம் ஆண்டில் பள்ளி நலவாழ்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரும் ஓர் ஆசிரியையும் இதற்கெனப் பயிற்சி பெறவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. வளர்ச்சி, உணவு, மனநலம், நற்பழக்கம், பாதுகாப்பு, இணையத்தை நெறியுடன் பயன்படுத்துதல் முதலாக 11 பொருள்கள் அதில் வகுக்கப்பட்டுள்ளன. கற்ற மாணவர் அச்செய்திகளைப் பிறர்க்கு எடுத்துச் செல்லும் தூதுவராக விளங்கவேண்டும் என்பதும் அத்திட்டத்தின் கருத்து.

இத்தூதுக்கு உயர்நிலைப் பள்ளி மாணவரே மிகவும் ஏற்றவர். சிறு குழந்தை சொன்னால் வீட்டார் சிரிப்பர். அயலார் சொன்னால் ஐயுறுவர். வளர்ந்த மகனோ மகளோ காரணத்துடன் எடுத்துரைத்தால் செவிசாய்ப்பர். ஆனால் அங்கும் பணிவு வேண்டும். ‘உங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று பாட்டியிடம் கூறினால், அவர் தொட்டியை மூடமாட்டார். ஒரு குவளை நீரில் நெளியும் புழுக்களைக் காட்டி, ‘இவைதாம் கொசுவாகின்றன, பாட்டி’ என்று கூறினால், அடுத்த முறை அவரே மூடியைத் தேடுவார். பங்கானில் மருத்துவர் ஒருவர் உறவினர்க்குக் கற்பித்தார். உறவினர் நோயாளியைக் காத்தனர். நல்லறிவு எப்போதும் இவ்வாறே கைமாறிச் செல்கிறது.

நலவாழ்வுப் பாடத்திற்கு வினாத்தாள் பள்ளியில் மட்டும் தரப்படுவதன்று. தம்பிக்கு வயிற்றுப்போக்குக் காணும் நள்ளிரவில் ஒரு வினா எழுகிறது. நண்பன் புகையிலையை நீட்டும் மாலையில் மற்றொரு வினா எழுகிறது. நீல மாத்திரை உள்ளங்கையில் இருக்கும் மதிய வேளையிலும் ஒரு வினா காத்திருக்கிறது. அங்கு மதிப்பெண் இடுவோர் எவரும் இலர். ஆயினும் அத்தேர்வின் விடையே வாழ்வாகிறது. மாணவர்களே! அறிக; காரணம் வினவித் தெளிக; தெளிந்தவாறு ஒழுகுக. அவ்வாறு ஒழுகும் மாணவர் ஒருவர் உள்ள வீடு, விளக்கு ஏற்றிய வீடாகும்.